கைதட்டக் கூடாத இடம்

போரில் மாண்ட இசையமைப்பாளர்களின் நினைவுக் கச்சேரியில் கடைசி இசை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அதை இயற்றிய இளைஞன்மேல் குண்டு விழுந்தது. வயலின் வில்கள் அந்தரத்தில் அசையாமல் நிற்கின்றன. இது மௌன அஞ்சலி, கைதட்டக் கூடாது என்று முன்பே அறிவித்திருப்பதால் அரங்கமே தலைகுனிந்திருக்கிறது. யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்கிறது. முன்வரிசையில் தையற்காரியான அவன் அக்காவுக்கு அந்த அமைதி நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. விருட்டென்று எழுந்து, ஊசி குத்திக் காய்த்துப்போன கைகளால் படபடவென்று தட்டுகிறாள். பக்கத்து இருக்கைக்காரர் பதறுகிறார். "அம்மா, தட்டக் கூடாதும்மா!" "அவன் வாய அடைக்கத்தானே குண்டு போட்டாங்க? நாமளும் வாய மூடிக்கிட்டா, போட்டவனுக்குத்தானே கொண்டாட்டம்!" பின்வரிசையில் இன்னும் இரண்டு கைகள் சேர்கின்றன. மேடையில், தன் முறை வருவதற்குள் இசை நின்றுபோன முரசுக்காரர் குச்சிகளைக் கையில் எடுக்கிறார்.