மூக்கு எப்படி இருந்தது?

ஜூன் ஒன்பதாம் தேதி பிற்பகல், ரயில் நிலையத்தை ஒட்டிய காவல் நிலையத்தின் பின்னறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கைப்பையைப் பறிகொடுத்த, ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்மணி. பறித்தவனின் முகத்தை வரைய வந்த ஓவியர். நடுவில் மொழிபெயர்ப்பாளராக ஓர் இளம்பெண்.

பென்சிலைச் சீவியபடியே ஓவியர் வழக்கம்போல அந்த இளம்பெண்ணிடம் கேட்டார்.

"தம்பிகிட்டேர்ந்து தகவல் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. அவள் கொடுத்த புகார் இதே நிலையத்தில்தான் கிடக்கிறது.

மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு விதி உண்டு. சாட்சி சொன்னதில் எதையும் கூட்டக் கூடாது, விடக் கூடாது. முணுமுணுத்தால் அதையும் சொல்ல வேண்டும்.

"மூக்கு எப்படி இருந்தது?"

சாட்சி மூக்கைச் சொல்லவில்லை. 'பரேஸே' என்று தொடங்கினார். பசியோடு இருப்பவன் மாதிரி தெரிந்தான்.

கண்? பரேஸே. பல நாள் தூங்காதவன் மாதிரி.

வாய்? பரேஸே. பறிக்கும்போதே மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி.

"அதென்ன, வாயைத் தொறந்தா பரேஸே? அவன் பேரா?"

"'மாதிரி தெரியுது'ன்னு அர்த்தம்ணே."

"எனக்கும் கொஞ்சம் தெரியற மாதிரி சொல்லச் சொல்லும்மா. பசியை எந்தப் பென்சில்ல வரையறது?"

அவள் அதையும் மொழிபெயர்த்தாள். சாட்சி சிரிக்கவில்லை.

ஒன்றுதான் அவளுக்குப் புதிராக இருந்தது. பதிலைத் தேடும்போது சாட்சிகள் கூரையைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். இந்தப் பெண்மணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று கன்னத்தைத் துடைத்துக்கூடப் பார்த்தாள்.

கடைசியில் சாட்சி தயங்கி, தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொன்னார். அதிலும் அந்தச் சொல் இருந்தது.

"என்னவாம்?" என்றார் ஓவியர்.

அவள் தண்ணீர் குடித்தாள். தம்ளரை மேசையில் வைத்தாள்.

"'அவன் பார்க்க உன்னை மாதிரியே இருந்தான்'னு சொல்றாங்க."

ஓவியர் அதுவரை வரைந்ததை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவள் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி அசையாமல் உட்கார்ந்தாள்.

அன்று மாலை அந்தப் படம் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போனது. மீசையை மட்டும் சாட்சியிடம் கேட்டுச் சேர்த்திருந்தார்கள்.