‘வா’ கடைசியில்தான் வரும்

பக்கத்து வீட்டு நாய் சன்ஷேடில் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது மாடி. ஒரு முழ அகலம்கூட இல்லாத சிமென்ட் விளிம்பு. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே உடம்பை நெளித்து எப்படியோ வெளியே வந்துவிட்டது. திரும்பிப் போகத் தெரியவில்லை. வீடு பூட்டியிருந்தது.

கீழே தெருவே கூடிவிட்டது. சலவைக்கடைக்காரர், யாருடையது என்றுகூடப் பார்க்காமல், தேய்த்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பு ஒன்றை உதறி, மூலைக்கு ஒரு ஆளாக நிறுத்திவிட்டார்.

செல்லம் என்றார்கள். ராஜா என்றார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். விசிலடித்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கிச் சத்தம் எழுப்பினார்கள்.

நாய் திரும்பக்கூட இல்லை.

“அந்தப் புருஷன் பொண்டாட்டி வீட்ல பேசுறது ஸ்பானிஷ். நம்ம பாஷை அதுக்கு எப்படிங்க புரியும்?” என்றார் சலவைக்கடைக்காரர்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்து, அதே மாடியில் அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தன.

அந்த வீட்டு மருமகள் ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். ஸ்பானிஷ் தேர்வில் தேறினால் வரவேற்பு மேசைக்கு மாற்றுகிறேன் என்று மேனேஜர் சொன்னதிலிருந்து, அந்த வீட்டில் குக்கர் சத்தத்தைவிட அவள் சத்தம்தான் அதிகம். எழுத்துத் தேர்வில் ஒரு குறையும் இல்லை. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேசச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. அதனால்தான், ‘வருவது’ என்ற ஒரே வினைச்சொல்லை எல்லாக் காலங்களிலும் ராகம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தெருவுக்கே அந்தப் பாட்டு தெரியும்.

நாத்தனார் அவளை ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாய் நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“கூப்பிடுங்க அண்ணி!”

கீழே இத்தனை முகங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினாள். ராகம் தானாகக் கிளம்பியது.

“வெங்கோ, வியேனெஸ், வியேனே…”

வருகிறேன், வருகிறாய், வருகிறது.

“வாங்கோன்னுதானே சொல்றாங்க?” என்றது கீழே ஒரு குரல். “இது நமக்கே தெரியுமே!”

“அண்ணி, ‘வா’ன்னு மட்டும் சொல்லுங்களேன்!”

“அது கடைசியிலதாம்மா வரும்! நடுவுல எடுத்தா எல்லாம் மறந்துடும்!”

வினே, வினிஸ்தே, வினோ. வந்தேன், வந்தாய், வந்தது.

நாய் ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துப் பார்த்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மடக்கிக்கொண்டது.

விரிப்பைப் பிடித்திருந்தவர்கள் ஓரடி முன்னே நகர்ந்தார்கள்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். வந்துகொண்டிருந்தேனைத் தாண்டினாள். வருவேனைத் தாண்டினாள். கீழே இருந்தவர்கள் கோரஸ் பாட ஆரம்பித்தார்கள். முனையில் நின்றுபோன பஸ்ஸின் டிரைவர் ஹாரனால் தாளம் போட்டார். முடிந்தால் வருவேன் என்கிற இழுவை வடிவத்துக்கு வந்து அவள் “வெந்த்ரியா!” என்று கத்தியதும், “வெந்திருச்சா? என்ன வெந்திருச்சு?” என்று யாரோ சந்தேகம் கேட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் பிறந்த சிரிப்பு. அடக்க அடக்கப் பெருகியது. சிரித்துக்கொண்டே இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்துவிட்டாள். நாத்தனார் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அடுத்தது, வந்தால் தேவலையே என்று ஏங்கும்போது சொல்கிற வடிவம்.

“வெங்கா!”

“வெங்காயம்!” என்று கோரஸ் கூவியது.

காற்றில் படுக்கை விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டு உப்பி எழுந்தது. நாய் வெடுக்கென்று இந்தப் பக்கம் திரும்பியது.

“அந்த வார்த்தைதாங்க! விட்டுடாதீங்க!” என்று அலறினார் சலவைக்கடைக்காரர்.

இப்போது நாயும் அவளும் நேருக்கு நேர். அதன் மூக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் மிச்சம் ஒரே ஒரு சொல்.

இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

“வென்!”

நாய் விளிம்போடு ஓடிவந்து அவள் நெஞ்சில் மோதியது. அவளும் நாயும் நாத்தனாரும் ஒருவர் மேல் ஒருவராகத் தரையில் சரிந்தார்கள். தெரு வெடித்தது. விசில், கைதட்டல், ஹாரன். சலவைக்கடைக்காரர் கையிலிருந்த விரிப்பைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கடைப் பையோடு பக்கத்து வீட்டுக்காரி படியேறி ஓடிவந்தாள். நாயை வாரி அணைத்து, முத்தமிட்டு, திட்டி, மறுபடி முத்தமிட்டாள். கீழே இன்னும் “வென்! வென்!” என்று கோஷம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கு இப்படிக் கத்துகிறார்கள் என்று ஸ்பானிஷில் கேட்டாள்.

நான் கூப்பிட்டேன், வந்தது என்றாள் இவள், ஸ்பானிஷிலேயே. வார்த்தைகள் திக்காமல் வந்து விழுந்தன. நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம், பிறந்ததிலிருந்தே இதற்குக் காது கேட்காது என்றாள்.

ஒரு சொல் விடாமல் இவளுக்குப் புரிந்தது.

“என்ன அண்ணி சொல்றாங்க?” என்றாள் நாத்தனார்.

“என் உச்சரிப்பு அப்படியே அவங்க ஊர்க்காரங்க மாதிரி இருக்காம்.”