கடைசி இசிஜி தாள்

கார்காலம் வானத்தைத் தாழ இறக்கி, உலகையே தியானத்தில் அமர்த்தியிருந்தது. செவிலியான மருமகளுக்கு மறுநாள் இசிஜி தேர்வு. இருமுறை தோற்றவளுக்கு, இம்முறையும் தோற்றால் இதயப் பிரிவில் இடமில்லை. மாமனார் பயிற்சித் தாள்களை ஒவ்வொன்றாக நீட்டினார்.

“இது?”

“நார்மல், மாமா.”

“அட, குருட்டு அதிர்ஷ்டம்! கடைசியா, இது?”

அலைகளின் இடைவெளியைக் காகித ஓரத்தில் குறித்து அளந்தாள்.

“துடிப்பு தாறுமாறா வருது. பெரிய அலைக்கு முன்னாடி சின்ன அலையே இல்ல. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ரத்தக்கட்டி மூளைக்குப் போயிடலாம். உடனே வைத்தியம் வேணும்.”

“தப்பு. இந்தத் தடவையும் கோட்டை விட்டாச்சு!”

“இல்ல மாமா, மூணு தடவை அளந்துட்டேன்.”

“இன்னொரு தடவை பாரேன்.”

“நூறு தடவை பார்த்தாலும் இதேதான். விடையைக் காட்டுங்க!”

அவர் தாளைத் திருப்பினார். பின்புறம் நேற்றைய தேதியும் அவர் பெயரும் இருந்தன.

“டாக்டரும் இதையேதான் சொன்னார். நீ வேற ஏதாவது சொன்னா, அவரை நம்பாம இருந்துடலாம்னு பார்த்தேன்.”

“கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு!”

அவர் கண்மூடி, கைகூப்பி ஒரு கணம் நின்றார். பிறகு அவள் தலைமேல் கை வைத்தார்.

“நாளைக்கும் இப்படியே பிடிவாதமா நில்லு. நீடூழி நல்லா இரும்மா.”