குல்லியாத்துக்கு ஒரு தாள் குறைவு

"பட்டியல்ல இருக்கு அண்ணி, தாளைத்தான் காணோம். ஒரே ஒரு கஜல்," என்றார் அச்சகக்காரர் வஹீதுத்தீன்.

தனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, குத்சியா பேகம் குனிந்த தலை நிமிராமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் அவளுக்கு என்றுமே கிடையாது.

அந்தத் தாள் அவள் எதிரில் இருந்த வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது.

வரப்போகிற புத்தகத்துக்குக் குல்லியாத் என்று பெயர். ஒரு கவிஞர் எழுதிய அத்தனையும், ஒன்று விடாமல்.

அவளறிய அவர்கள் பேட்டையான ஷா அலி பண்டாவில் மூன்று கவிஞர்களுக்குக் குல்லியாத் வந்தது. மூவரும் அடுத்த ரம்ஜானைப் பார்க்கவில்லை. எல்லாம் எழுதியாகிவிட்டது என்று அட்டையிலேயே போட்டால், உயிர் வாங்கும் வானவர் சும்மா இருப்பாரா?

அவள் கணவர் இஃப்திகார் சாஹிப் திண்டில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம். வலது கை தலையணைமேல் கிடந்தது. அன்றைக்குக் கீழே வைத்த பேனாதான், பிறகு எடுக்கவில்லை.

வஹீதுத்தீன் அவர் பக்கம் திரும்பினார். நாற்பது வருஷம் காகிதம் பாராமல் மேடையில் சொன்னவராயிற்றே, நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

இஃப்திகார் சாஹிப் ஜன்னலைப் பார்த்தார்.

"நெனப்பு வரலையே, வஹீது."

குத்சியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுத்தான் தாடியைச் சீவிக்கொண்டே அதே கஜலை ஒரு சொல் பிசகாமல் முணுமுணுத்தார் இந்த மனுஷர்!

ஒன்று குறைந்தாலும் குல்லியாத் என்று போட முடியாது, ஊர் சிரிக்கும். வஹீதுத்தீன் பெருமூச்சு விட்டு, முகப்புத் தாளில் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்தார். 'தேர்ந்தெடுத்த கவிதைகள்' என்று மாற்றி எழுதிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, குத்சியா அடித்தட்டைத் தூக்கினாள்.

அவள் வைத்தது ஒரு தாள். உள்ளே இரண்டு இருந்தன.

இரண்டாவது தாளில் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினாற்போல் கோணல்மாணலாக எழுத்து. அவள் கேட்டறியாத வரிகள். நான்கு ஈரடிகள்.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் வெற்றிலைக்கு இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். பெருவிரலில் மசி.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபடியும் தாளைப் பார்த்தாள். கவிஞர் தன் பெயரைச் சொல்லி கஜலை முடித்து வைக்கிற கடைசி ஈரடியை மட்டும் அவர் இன்னும் எழுதவில்லை.