பனிமலையின் பெருமூச்சு

“பனிமலையில ரெண்டு வருஷம் விறைச்சுக் கிடந்து பதிவு பண்ணினேன்!” ஒலிக்கலைஞர் மேசையில் குத்தினார். “உங்க பத்திரிகையோட குடுத்த டிஸ்க்கைப் போட்டா, வாஷிங் மெஷின் ரிப்பேர் பாடம் ஓடுது!”

பத்திரிகை ஆசிரியர் மேசைமேல் கிடந்த இதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பரிசோதனை இசைக்கென்றே நடக்கும் அந்தப் பத்திரிகையின் இந்த இதழில், எழுபது பக்கத்தில் அறுபது ஒலிக்கலைஞரின் புகழ்தான்.

“டிஸ்க் கம்பெனில பெட்டி மாறிப்போச்சு சார். உங்களோடது மெக்கானிக் பயிற்சிப் பள்ளிக்குப் போயிடுச்சு.”

“என் பனிமலையோட பெருமூச்சை ஸ்பானர் பிடிக்கிறவங்க கேக்குறதா? உங்க முதலாளிக்கு இப்பவே போன் போடுறேன். நாளைக்கு இந்த நாற்காலியில நீங்க இல்ல!”

அவர் எண்ணை அழுத்துவதற்குள் மேசைத் தொலைபேசி அலறியது. ஆசிரியர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“பயிற்சிப் பள்ளியிலேர்ந்து பேசுறேன் சார். டிஸ்க் மாறினது தெரியாம சத்தத்தைக் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்கிற பரீட்சையை அதை வெச்சே நடத்திட்டோம். நாப்பது பேரும் ஒரே பதில்தான் எழுதியிருக்காங்க. பழைய மெஷின், பேரிங் போச்சு, டிரம்முக்கு அடியில சட்டைப் பட்டன் சிக்கியிருக்கு. யாரு வீட்டு மெஷின் சார் அது? இனிமே ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க, தீப்பிடிச்சிடும்.”

ஆசிரியர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். ஒலிக்கலைஞர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு தொலைபேசியின் மேல் குனிந்தார்.

“தம்பி, என் சம்சாரம் இப்பத்தான் துணி போட்டா. ஆளை உடனே அனுப்ப முடியுமா?”