‘இல்லை’ என்ற வரிகள்

“அந்தக் குப்பைய இன்னும் அழிக்கல்லையா மனே? கொம்பியூட்டர் மூச்சுத் திணறுது!”

புஸ்பம் அக்காவின் குரல் கொன்வென்ட் பள்ளி மேடையில் பழகிய குரல். வெளியே வரிசையில் நின்ற கடைசி ஆள்வரை கேட்டது.

சுனாமி வந்து மூன்றாம் கிழமை. மட்டக்களப்பில் நாங்கள் எல்லாரும் யாரையோ தேடிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றுதான் தப்பியவர்களின் பேரைப் பதிகிற தகவல் நிலையம். கொழுத்த கணினி ஒன்று, இருமுகிற ஜெனரேட்டர் ஒன்று. பால் விடாத பிளேன்ரீதான் எங்களுக்குச் சம்பளம். ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை. பாதிப் பேருக்கு வீடே இல்லை.

கணினி முன்னால் இருந்தவன் உதயரூபன். அக்கா குப்பை என்ற லொக் ஃபைலை உருட்டிக்கொண்டிருந்தான். எந்த முகாமில் யார் யாரைத் தேடினாலும் கணினி தானாக எழுதிவைக்கும் கோப்பு அது. ஆயிரமாயிரம் வரிகள். முக்கால்வாசி ‘இல்லை’ என்றே முடிந்தன.

“அரிசி மூட்டை இறக்க ஆளில்ல. இவர் கதிரையில குந்தி ‘இல்லை’யப் படிக்கிறார்! நெஞ்சில ஈரமிருந்தா இப்பிடி இருப்பியா?”

அவன் அடுத்த வரிக்கு நகர்ந்தான்.

“நாவலடி இரத்தினம்மா வந்திருக்கன்,” என்றது வரிசையின் முதல் குரல். தினமும் வருகிறவ. “என்ட மனிசன் வல்லிபுரம் பதிஞ்சிருக்காரா?”

புஸ்பம் அக்கா அவனுக்குக் குறுக்கே எட்டிப் பேரைத் தட்டித் தேடிப் பார்த்தா. “இல்லகா. நாளைக்கு வாங்க.”

“நில்லுங்க!” உதயரூபன் கத்தினான். “நீங்க உங்கட பேரப் பதிஞ்சீங்களா?”

“எனக்கு என்னத்துக்குத் தம்பி? நான் உசிரோடதானே நிக்கன்.”

“அவரும் அப்பிடித்தான் நினைச்சிருக்கார். இஞ்ச பாருங்க. கிரான் முகாம். தேடினது வல்லிபுரம். தேடப்பட்டது மனைவி இரத்தினம்மா, நாவலடி. முடிவு ‘இல்லை’. நேற்றும் தேடியிருக்கார்.”

இரத்தினம்மா அப்படியே நிலத்தில் குந்தினா. வரிசை முழுக்கச் சேர்ந்து அழுதது. கிரானுக்குப் போக யாரோ வான் வண்டி பிடிக்க ஓடினார்கள்.

புஸ்பம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, தன் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தா.

“இந்தக் குப்பைக்குள்ள தேடலாமெண்டு எப்பிடி மனே தோணிச்சு?”

“எங்கட வீட்டில ஆராவது தப்பியிருந்தா என்னைத் தேடுவாங்கதானே அக்கா? அதான் முதல் நாளே என்ட பேரத் தேடிப் பார்த்தன்.”

“பிறகு?”

“இண்டுவரைக்கும் ஆரும் தேடல்ல.”

அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“அரிசி மூட்டை எங்க கிடக்கு அக்கா?”