மூன்றாவது வரிசைச் சிரிப்பு

எடிட்டிங் அறையில் ஏசி எலும்பு வரை குளிர்கிறது. கேபிள் சேனலில் நாளை ஆரம்பிக்கும் நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி திரையில் ஓடுகிறது. அதை நடத்தும் மேடைக் காமெடியன், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையில் அவன் அப்பாவின் குறட்டையைப் பற்றிய ஜோக்கைச் சொல்லி முடிக்கிறான். உடனே மூன்றாவது வரிசையில் அப்பா சிரிக்கிறார். மூக்குக்கண்ணாடி நழுவ, பக்கத்து நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். காமெடியனின் வாய்க்குப் போன டீ பாதியில் நிற்கிறது. "இதுக்கு அவர் சிரிக்கவே இல்லையே. உம்முன்னுல்ல உக்காந்திருந்தாரு?" எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் சொல்கிறார். "ஆமா சார். மேடைக்கு வர்றப்ப ஒயர் தடுக்கி விழுந்தீங்கல்ல, அப்ப சிரிச்சது. நீங்க விழுந்தத வெட்டிட்டு, சிரிப்ப மட்டும் இங்க ஒட்டிட்டேன். எல்லா ஷோலயும் இப்படித்தான்."

எடிட்டர் படத்தை நிறுத்துகிறார். திறந்த வாயோடு அப்பா திரையில் நிற்கிறார். மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. அது எப்போது போனதென்று மகனுக்குத் தெரியாது. காமெடியன் டீயைக் கீழே வைக்கிறான்.

"ஜோக்க வெட்டிடுங்க. நான் விழுந்ததப் போடுங்க."